ஏரிக்கு வந்த கடல் மீன்

அமெரிக்காவின் தென்கிழக்கில், தெற்கு கரோலினா மாநிலத்தில் லேக் மேரியன் என்று ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. அதில் படகு ஓட்டுகிறவர்கள் நிதானமாகத்தான் போக வேண்டும். தண்ணீருக்குள் மரம் நிற்கிறது. 1939-ல் சான்டீ ஆற்றில் அணை வேலை தொடங்கியது. மின்சாரத்துக்கான அணை. மூழ்கப்போகும் காட்டை வெட்டிக்கொண்டே வந்தார்கள். போர்க்கால அவசரம் வந்து சேர்ந்தது. வெட்டாத காட்டை அப்படியே விட்டுவிட்டு 1941-ல் தண்ணீரைத் தேக்கத் தொடங்கிவிட்டார்கள். சைப்ரஸ் மரங்களும் அடிக்கட்டைகளும் இன்றைக்கும் நீரில் நிற்கின்றன.

அந்த ஆற்றில் கடலிலிருந்து ஏறிவந்து முட்டையிடும் மீன் ஒன்று இருந்தது. பெயர் ஸ்ட்ரைப்டு பாஸ். வெள்ளி உடம்பு, பக்கவாட்டில் ஏழெட்டுக் கறுப்புக் கோடுகள். தூண்டில்காரர்கள் செல்லமாக ஸ்ட்ரைப்பர் என்பார்கள். அட்லாண்டிக் கரையில் வாழ்ந்து, இளவேனிலில் ஆறேறி முட்டையிட்டுவிட்டு மறுபடி கடலுக்குத் திரும்புவது இதன் வழக்கம். அணை வந்ததும் போகவர வழி அடைபட்டது. மேலே மாட்டிய மீன்கள் செத்துப்போகும் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். சாகவில்லை. ஏரியையே கடலாக வைத்துக்கொண்டு, ஏரிக்குள் வந்து விழும் காங்கரி, வாட்டரி ஆறுகளில் ஏறி முட்டையிடத் தொடங்கின. கடல் மீன் ஒன்று உப்பு நீரே படாமல் தலைமுறை தலைமுறையாக வாழும் என்பது அங்கேதான் தெளிவாகத் தெரிந்தது.

இந்தச் செய்தி மற்ற மாநிலங்களின் மீன்வளத் துறைகளுக்குப் பெரிய ஆசையைக் கிளப்பியது. அமெரிக்கா முழுக்க அந்தக் காலத்தில் புது அணைகள், புது ஏரிகள். ஒவ்வொன்றிலும் கரையோரமாகத் தூண்டில் மீன் இருந்தது. நடுவே கிடந்த ஆழ்நீரில் சிறு மீன் கூட்டம் மட்டும் பெருகிக் கிடந்தது. பத்து, இருபது கிலோ வரை வளரும் ஒரு மீனை நடுநீரில் விட்டால் காலியாகக் கிடக்கும் வயலில் ஊடுபயிர் போட்ட மாதிரி இருக்குமே என்று கணக்குப் போட்டார்கள். குறை ஒன்றுதான், குஞ்சு வேண்டும். அதற்கும் தெற்கு கரோலினாவே வழி காட்டியது. 1960-களின் தொடக்கத்தில் மாங்க்ஸ் கார்னர் என்ற ஊரில் இருந்த குஞ்சுப் பொரிப்பகத்தில் ராபர்ட் ஸ்டீவன்ஸ் என்ற ஆய்வாளர் தாய் மீனுக்கு ஹார்மோன் ஊசி போட்டு முட்டை எடுக்கும் முறையைச் சரிசெய்தார். நம் நாட்டில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1957 ஜூலை 10-ஆம் தேதி, ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி கெண்டை மீன்களுக்கு பிட்யூட்டரிச் சாறு ஊசி போட்டு முட்டையிட வைத்திருந்தார். இன்றைக்குக் கட்லா, ரோகு குஞ்சு ஆண்டு முழுக்க விலைக்குக் கிடைக்கிறது என்றால் அந்த ஊசிதான் காரணம். ஜூலை 10 தேசிய மீன் விவசாயிகள் தினமானதும் அதனால்தான்.

ஊசி வந்த பிறகு ஸ்ட்ரைப்பர் குஞ்சுகள் லாரி லாரியாகத் தேசம் முழுக்கப் போயின. கூடவே சண்டையும் போனது.

சண்டை போட்டவர்கள் பாஸ் பிடிப்பவர்கள். இங்கே பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். அவர்கள் தேடும் லார்ஜ்மவுத் பாஸ், அதாவது பெரியவாய் பாஸ், ஸ்ட்ரைப்பருக்குப் பங்காளியே இல்லை. குடும்பமே வேறு. குணத்தில் அது நம் விரால் மாதிரி. கரையோரம், செடிப் புதர், மூழ்கிய கட்டை இவைதான் அதன் வீடு. ஆண் மீன் ஆழமில்லாத இடத்தில் தரையைச் சுத்தம் செய்து கூடு கட்டும். முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கும். ஒளிந்திருந்து இரையைக் கவ்வும். ஸ்ட்ரைப்பரோ நம் கொடுவா மாதிரி உப்புநீருக்கும் நன்னீருக்கும் ஆகிவரும் வேட்டைமீன். கூட்டமாக நடுநீரில் இரையைத் துரத்தும். கூடு, காவல் எதுவும் கிடையாது. ஓடும் நீரில் முட்டையைக் கொட்டிவிட்டுப் போய்விடும். அந்த முட்டை முழுதாக மிதக்கவும் செய்யாது, சட்டென்று மூழ்கவும் செய்யாது. பொரிக்க ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். அதுவரை நீரோட்டம் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். அடிச் சேற்றில் படிந்தால் மூச்சு முட்டிச் செத்துவிடும்.

பாஸ் தூண்டில் என்பது அங்கே வெறும் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடக் கூடாது. பிடிப்பவர் பல நேரம் மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். சாப்பாட்டுக்காகப் பிடிப்பது குறைவு. ஆனால் அதைச் சுற்றிப் படகுக் கடை, தீனிக் கடை, விடுதி, வழிகாட்டி என்று ஏரியோர ஊர்களின் பிழைப்பே ஓடுகிறது. தூண்டில் உரிமக் கட்டணத்திலும், 1950-ஆம் ஆண்டுச் சட்டப்படி தூண்டில் சாமான்கள் மீது விதிக்கப்படும் வரியிலும்தான் மாநில மீன்வளத் துறைகளின் கணிசமான வேலைகள் நடக்கின்றன. பாஸ் குறைந்தால் வாடகை கட்ட முடியாத கடைக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கோபத்துக்கு அர்த்தம் உண்டு.

அந்தக் கோபத்தை நன்றாகப் பார்க்க வேண்டுமானால் டென்னசி மாநிலத்துக்குப் போக வேண்டும். அங்கே கிளின்ச் ஆற்றில் 1936-ல் கட்டி முடித்த நாரிஸ் அணை, டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் கட்டிய முதல் அணை. சுற்றிலும் பசுமையான மலைகள். ஏரி மலை மடிப்புகளுக்குள் விரல் விரலாக நீண்டு கிடக்கிறது. அந்த ஏரியில் ஸ்ட்ரைப்பர் விட்டது பற்றி வருடக்கணக்கில் வாக்குவாதம் நடந்தது. பாஸ்காரர்கள் சொன்னது எளிமையான கணக்கு: முன்பு பாஸ் நிறைய கிடைத்தது, பிறகு ஸ்ட்ரைப்பர் வந்தது, இப்போது பாஸ் குறைவு, பத்து கிலோ மீன் என்ன புல்லையா தின்னும்?

புல்லைத் தின்னாதுதான். என்ன தின்கிறது என்று பார்க்க வயிற்றைக் கீறிப் பார்ப்பதைவிட நேரான வழி இல்லை. நாரிஸிலும் மற்றும் பல ஏரிகளிலும் ஆய்வாளர்கள் அதைச் செய்தார்கள். வயிற்றில் இருந்தது பெரும்பாலும் ஷாட் என்னும் சிறு மீன். மத்தி, சாளை இனத்தைச் சேர்ந்தது. நீரில் மிதக்கும் நுண்ணுயிரிகளை வடிகட்டித் தின்று, கூட்டம் கூட்டமாக நடுநீரில் திரிவது. பாஸ் குஞ்சு அபூர்வமாகத்தான் கிடைத்தது. யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. மெலிந்த உடம்பும் மெத்தென்ற துடுப்பும் உள்ள ஷாட் எதிரிலேயே ஆயிரக்கணக்கில் போகும்போது, முள்துடுப்போடு புதருக்குள் பதுங்கியிருக்கும் பாஸ் குஞ்சைத் தேடி எந்த ஸ்ட்ரைப்பரும் கரைக்கு வராது.

வரவும் முடியாது, குறிப்பாகக் கோடையில். நாரிஸுக்குப் பக்கத்திலேயே செரோக்கி என்று இன்னொரு ஏரி. அங்கே வெயில் காலத்தில் பெரிய ஸ்ட்ரைப்பர்கள் செத்து மிதந்தன. ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த சார்லஸ் கூட்டன்ட் வெப்பத்தை அறிவிக்கும் கருவிகளை மீன்களுக்குள் வைத்துத் தொடர்ந்து கவனித்தார். வளர்ந்த ஸ்ட்ரைப்பருக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். 25 டிகிரிக்கு மேல் போனால் தாங்குவது கஷ்டம். கோடையில் ஏரியின் மேல்நீர் சூடாகிவிடும். அடிநீர் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் அங்கே பிராணவாயு தீர்ந்துபோயிருக்கும். மேலே போனால் சூடு, கீழே போனால் மூச்சுத் திணறல். நடுவில் இருக்கும் மெல்லிய அடுக்கிலோ, ஊற்று வந்து கலக்கும் குளிர்ந்த மூலைகளிலோதான் பெரிய மீன்கள் அடைந்து கிடக்கும். அந்த மூலையும் கெட்டால் சாவுதான். பெரிய உடம்பைப் பார்த்து ஏரிக்கே ராஜா என்று நினைக்கப்பட்ட மீன், ஆண்டில் சில மாதம் ஒரு சிறு அறைக்குள் கைதியாக இருந்தது.

அதற்காகப் பாஸ்காரர்கள் சொன்னதெல்லாம் பொய் என்று ஆகிவிடாது. பாஸும் ஷாட் தின்னும். ஒரே கொல்லையில் மேயும் இரண்டு மந்தை ஒன்றையொன்று முட்டாவிட்டாலும், புல் தீர்ந்தால் இரண்டுக்கும் பட்டினிதான். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஸ்ட்ரைப்பர் பாஸைத் தின்கிறதா என்பதல்ல. ஏரியில் ஷாட் எவ்வளவு இருக்கிறது, அதை எத்தனை வாய் பங்கு போடுகிறது என்பதுதான். நாரிஸில் அந்த வாய்களின் எண்ணிக்கை மனிதர் கையில் இருக்கிறது. ஸ்ட்ரைப்பர் அங்கே இனம் பெருக்குவதில்லை. நம் ஏரியில் கட்லா, ரோகு மாதிரிதான். வளரும், எடை போடும், தேங்கிய நீரில் குஞ்சு பொரிக்காது. ஒவ்வொரு ஆண்டும் பொரிப்பகத்திலிருந்து லாரி வந்தால்தான் அடுத்த தலைமுறை. ஷாட் குறைந்தால் விடும் குஞ்சைக் குறைக்கலாம். வேண்டாம் என்று ஊர் முடிவெடுத்தால் நிறுத்தியே விடலாம்.

எல்லா ஏரியிலும் இப்படி இல்லை. மேற்கே போனால் டெக்சஸ், ஓக்லஹோமா மாநிலங்களின் எல்லையில் லேக் டெக்சோமா. அங்கே 1965 முதல் 1974 வரை ஸ்ட்ரைப்பர் விட்டார்கள். அதற்குப் பிறகு தேவைப்படவில்லை. ரெட் ஆறும் வாஷிட்டா ஆறும் ஏரிக்கு மேலே தடையில்லாமல் நீண்ட தூரம் ஓடி வருகின்றன. மீன் அதில் ஏறித் தானாகவே பெருகிவிட்டது. ஆறுகள் வண்டலோடு சத்தையும் கொண்டுவந்து சேர்ப்பதால் ஷாட்டுக்கும் பஞ்சமில்லை. ஸ்ட்ரைப்பரை நம்பியே அங்கே ஏராளமான வழிகாட்டிகள் பிழைக்கிறார்கள். அந்த ஏரியைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு இந்த மீன் வரம் என்றுதான் தோன்றும்.

இன்னும் மேற்கே, மழை பெய்யாத பாறை தேசத்தில், வேறு மாதிரி தோன்றும்.

கொலராடோ ஆற்றில் 1935-ல் ஹூவர் அணை முடிந்தது. நம் மேட்டூர் அணை அதற்கு ஒரு வருடம் மூத்தது. ஹூவர் அணையின் பின்னால் தேங்கிய லேக் மீட் ஏரி, லாஸ் வேகஸ் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆற்றுவெள்ளம் கொண்டுவந்த வண்டலில் லார்ஜ்மவுத் பாஸ் கொழித்தது. அமெரிக்காவின் பெரிய பாஸ் போட்டியான பாஸ்மாஸ்டர் கிளாசிக் முதன்முதலாக 1971-ல் நடந்தது இந்த ஏரியில்தான். 24 தூண்டில்காரர்கள். எந்த ஏரிக்குப் போகிறோம் என்று அவர்களுக்கே சொல்லாமல் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆர்கன்சாஸ்காரரான பாபி மர்ரி ஜெயித்து 10,000 டாலர் வாங்கினார்.

அதற்குள்ளாகவே ஏரியில் மாற்றம் தொடங்கியிருந்தது. 1969-ல் ஸ்ட்ரைப்பர் விட்டிருந்தார்கள். சில ஆண்டுகளுக்குள் அது தானாகவே பெருகத் தொடங்கியது. ஷாட் குறைந்தது. துறையினர் லாரியில் கொண்டுவந்து விட்ட ரெயின்போ டிரவுட் மீன்களை ஸ்ட்ரைப்பர் கூட்டம் வாரித் தின்றது. டிரவுட் உடம்பும் மெலிந்த, வழுக்கலான உடம்பு. ஒளியத் தெரியாத பண்ணை மீன் வேறு. இங்கே மட்டும் குற்றச்சாட்டு நேராகவே உண்மை. பாஸ் பிடிப்பும் சரிந்தது. பாஸ்காரர்கள் அந்தப் பழியையும் ஸ்ட்ரைப்பர் மீதே போட்டார்கள்.

ஆனால் ஏரியின் கணக்கில் இன்னும் இரண்டு பற்று இருந்தது. ஒன்று, மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் நீரைத் திறக்கும்போது ஏரி மட்டம் ஏறி இறங்கும். சில அடி ஆழத்தில் கூடு கட்டும் பாஸுக்கு, முட்டையிடும் பருவத்தில் மட்டம் இறங்கினால் கூடு கரையேறிவிடும். இரண்டாவது கண்ணுக்கே தெரியாதது. 1963-ல் மேலே, கிராண்ட் கேன்யனுக்கு அப்பால், கிளென் கேன்யன் என்ற இன்னொரு அணையில் நீரைத் தேக்கத் தொடங்கினார்கள். அதுவரை மீட் ஏரிக்கு வந்துகொண்டிருந்த வண்டலும், வண்டலோடு ஒட்டிவந்த பாஸ்பரஸும் மேல் அணையிலேயே படிந்துவிட்டன. 1980-களின் தொடக்கத்தில் லாஸ் வேகஸ் நகரம் தன் கழிவுநீரிலிருந்து பாஸ்பரஸைப் பிரித்தெடுக்க ஆரம்பித்தது. தண்ணீர் கண்ணாடி போல ஆனது. கண்ணாடித் தண்ணீர் பார்க்க அழகு; மீன் வளர்ப்பவருக்கு அது பசி பிடித்த தண்ணீர் என்று தெரியும். மீன் குளத்தில் சாணமும் சூப்பர் பாஸ்பேட்டும் போட்டு நீரைப் பச்சையாக்குகிறோமே, அந்தப் பச்சை போய்விட்டது. பாசி இல்லை, அதைத் தின்னும் நுண்ணுயிரி இல்லை, அதைத் தின்னும் ஷாட் இல்லை.

இதைப் புரிந்துகொண்ட பிறகு அங்கே நடந்தது விவசாயிகளுக்குப் பிடிக்கும். 1987-ல் நூற்றுக்கணக்கான படகுகளில் தன்னார்வலர்கள் இறங்கி, திரவ அம்மோனியம் பாலிபாஸ்பேட் உரத்தை ஏரியில் ஊற்றினார்கள். வயலுக்கு மேலுரம் போட்ட மாதிரி ஏரிக்கு மேலுரம். ஒரு பக்கம் நகரம் செலவு செய்து பாஸ்பரஸை எடுக்கிறது, மறுபக்கம் ஜனங்கள் கைக்காசு போட்டு ஊற்றுகிறார்கள் என்பது வேடிக்கைதான். ஆனாலும் பாஸ் குறைந்ததற்கு மீனை மட்டும் குற்றம் சொல்லாமல் மண்ணைப் பார்த்தார்கள் என்பதைப் பாராட்டத்தான் வேண்டும். அவ்வளவு பெரிய ஏரியை உரம் போட்டே காப்பாற்ற முடியாது என்பது வேறு விஷயம்.

அந்த வண்டலைப் பிடித்து வைத்துக்கொண்ட மேல் ஏரியின் பெயர் லேக் பவல். யூட்டா, அரிசோனா மாநிலங்களின் எல்லை. அணை 710 அடி உயரம். மேட்டூர் அணை 214 அடிதான். ஏரி நிரம்ப 17 ஆண்டுகள் ஆயின; 1980-ல்தான் முழுதாக நிரம்பியது. நிரம்பியபோது நீளம் சுமார் 300 கிலோமீட்டர். செங்குத்தான செம்பாறைச் சுவர்களுக்கு நடுவே ஆறு, அதிலிருந்து இரு பக்கமும் பிரியும் பள்ளத்தாக்குகள் தொண்ணூறுக்கும் மேல். படகு வளைந்து ஒரு பள்ளத்தாக்குக்குள் நுழைந்தால் வானம் ஒரு துண்டாகத்தான் தெரியும். கரை என்று சொல்ல மண்ணோ புல்லோ பல இடத்தில் கிடையாது. பாறை நேராக நீருக்குள் இறங்கிவிடும்.

ஏரி நிரம்பத் தொடங்கிய 1963-லேயே லார்ஜ்மவுத் பாஸ் விட்டார்கள். முதல் சில ஆண்டுகள் கொழுத்த விளைச்சல். மூழ்கிய செடி, புதர் எல்லாம் குஞ்சுக்கு மறைவிடம். இரைக்கு ஷாட் வேண்டும் என்று 1968-ல் அதைக் கொண்டுவந்தார்கள். நடுநீரில் ஷாட் பெருகியதும் 1974-ல் ஸ்ட்ரைப்பர். இந்த ஏரியில் இது இனம் பெருக்காது, லாரியை நிறுத்தினால் மீனும் நின்றுவிடும் என்ற நம்பிக்கையில்தான் விட்டார்கள்.

1979-ல் தெரிந்தது, பெருகுகிறது என்று. ஆறேறிக்கூட அல்ல, ஏரிக்குள்ளேயே, அணைக்குப் பக்கத்திலேயே முட்டையிட்டது. நூற்றுக்கணக்கான அடி ஆழம், வண்டல் இல்லாத தெளிந்த நீர். முட்டை மெதுவாக இறங்குகிறது. சேற்றைத் தொடும் முன் பொரித்துவிடுகிறது. ஓடும் ஆறு செய்ய வேண்டிய வேலையை ஆழம் செய்துவிட்டது. இப்படி நடக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பிறகு நடந்ததைப் பவல் ஏரியின் பழைய தூண்டில்காரர்கள் மறக்க மாட்டார்கள். பெருகிய கூட்டம் நடுநீரில் இருந்த ஷாட்டைச் சில ஆண்டுகளில் துடைத்துவிட்டது. ஷாட் குறைந்ததும் ஸ்ட்ரைப்பர் இளைத்தது. பெரிய தலை, ஒட்டிய வயிறு, பாம்பு போன்ற உடம்பு. அதிலும் ஒரு விநோதம். ஷாட் வாழ்வது சூடான மேல்நீரில். குட்டி ஸ்ட்ரைப்பருக்குச் சூடு தாங்கும். மேலேயே இருந்து வேட்டையாடும். வளர்ந்த மீனுக்குத் தாங்காது. கீழே குளிர்நீரில் கிடந்து பட்டினி கிடக்கும். பிள்ளைகள் சமையலறையில், பெற்றோர் வாசலில். ஆனால் பட்டினி கிடந்தாலும் முட்டையிடுவதை நிறுத்தவில்லை. அடுத்த பட்டாளம் வந்துகொண்டே இருந்தது.

பாஸ் என்ன ஆனது? லார்ஜ்மவுத் குறைந்தது உண்மை. ஆனால் அதற்கு முதல் காரணம் ஸ்ட்ரைப்பர் அல்ல. மூழ்கியிருந்த புதர்கள் மக்கிப் போய், கரை மொட்டைப் பாறையாகிவிட்டது. வீடு போன பிறகு குடி இருக்காது. அதனால் 1982-ல் பாறையையே விரும்பும் ஸ்மால்மவுத் பாஸ் கொண்டுவந்தார்கள். அது பாறை இடுக்கில் கிடைக்கும் கிரேஃபிஷ் என்னும் இறால் மாதிரிப் பிராணியைத் தின்று, ஷாட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிழைத்துக்கொண்டது. ஸ்ட்ரைப்பர் கூட்டம் தலை பெருத்துத் திரிந்த அதே ஏரியில் ஸ்மால்மவுத் தழைத்தது. லார்ஜ்மவுத்தும் அடியோடு அழியவில்லை. வறட்சியில் நீர் இறங்கிக் கிடக்கும் ஆண்டுகளில் வெறுங்கரையில் டாமரிஸ்க் என்னும் புதர் முளைக்கும், நம் ஏரி உள்வாயில் சீமைக்கருவேலம் முளைப்பது போல. பிறகு பனிமலை உருகி ஏரி உயர்ந்தால் அந்தப் புதர் மூழ்கும். அந்த வருடங்களில் பாஸ் குஞ்சு நன்றாகத் தேறும்.

இன்றைக்குப் பவல் ஏரியில் ஸ்ட்ரைப்பருக்கு வரம்பே கிடையாது. எத்தனை வேண்டுமானாலும் பிடிக்கலாம், பிடித்ததைத் திரும்ப விடாதீர்கள் என்று துறையே கேட்டுக்கொள்கிறது. தெற்கிலோ அதே மீனுக்கு நாளைக்கு இத்தனை, இத்தனை நீளம் என்று கட்டுப்பாடு. பவலில் தூண்டில் தீனி என்ன தெரியுமா? நெத்திலி. கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி, பாலைவனத்துப் படகுத்துறையில் உறைந்த நெத்திலி விற்கிறார்கள். அதைத் துண்டு துண்டாக வெட்டி, பாறைச் சுவர் ஓரமாக ஆழத்தில் இறக்கினால் பசியில் கிடக்கும் ஸ்ட்ரைப்பர் ஓடிவரும். குழந்தைகள்கூடக் கூடை நிறையப் பிடிக்கலாம். ஷாட் மறுபடி தலையெடுக்கும் ஆண்டுகளில் இன்னொரு காட்சி உண்டு. ஸ்ட்ரைப்பர் கூட்டம் ஷாட்டை மேற்பரப்புக்குத் துரத்தி வளைக்கும்போது ஏக்கர் கணக்கில் தண்ணீர் உலை போலக் கொதிக்கும். அந்தக் கொதிப்புக்குள் படகை விடாமல் ஓரமாக நின்று தூண்டில் வீச வேண்டும். நடுவே ஓட்டினால் கூட்டம் அமிழ்ந்துவிடும். அடுத்த ஒன்றிரண்டு ஆண்டில் ஷாட் தீரும், மறுபடி நெத்திலி.

நம் பக்கத்தில் இதற்குப் பெயர் ஜிலேபிக் கெண்டை. 1952-ல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீன். ஏரி குளங்களில் விட்டதும் வாயில் முட்டையை அடைகாத்துத் தானாகப் பெருகிக்கொண்டது. விரலளவு மீனாக ஏரி நிறைந்தது. கட்லாவை அடுத்த ஆண்டு விடாமல் இருந்தால் கட்லா இருக்காது. ஜிலேபியை எடுக்க ஏரி வற்றினால்கூட முடிவதில்லை. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை யாரோ குட்டையில் வளர்த்து, மழைவெள்ளத்தில் அது வாய்க்கால் வழியே ஏரிக்குப் போவதும் இந்த வகைதான். குஞ்சு வாங்கும்போது எத்தனை கிலோ வளரும் என்று கேட்கிறோம். நம் தண்ணீரில் இது முட்டையிடுமா என்று கேட்பவர் குறைவு. பவல் ஏரிக்காரர்கள் அதைக் கேட்கத்தான் செய்தார்கள், கிடைத்த பதில்தான் தப்பு.

பவலில் விட்ட மீன் அந்த ஏரியோடும் நிற்கவில்லை. 2023 தொடக்கத்தில் ஏரி, முதன்முதலில் நிரம்பிய காலத்துக்குப் பின் காணாத அளவுக்கு இறங்கியது. மட்டம் இறங்க இறங்க, சூடான மேல்நீரும் அதில் வாழும் மீனும் மின்நிலையத்துக்கு நீர் எடுக்கும் குழாய்களுக்கு அருகே வந்துவிட்டன. ஸ்மால்மவுத் பாஸ் அந்தக் குழாய் வழியே அணையைக் கடந்தது. 2022-ல் அணைக்குக் கீழே ஆற்றில் அதன் குஞ்சுகளைக் கண்டுபிடித்தார்கள். கீழே கிராண்ட் கேன்யன். ஹம்ப்பேக் சப் என்ற முதுகு திமிலுள்ள பழைய ஆற்றுமீன், அணைகளுக்கும் வந்தேறி மீன்களுக்கும் தப்பிப் பிழைத்திருக்கும் முக்கியமான இடம் அது. 2024 கோடையில் மின்சுழலிகளைத் தவிர்த்துவிட்டு, அணையின் அடியில் உள்ள குழாய்கள் வழியாகக் குளிர்ந்த நீரைத் திறந்துவிட்டார்கள், கீழே ஆறு சூடேறி பாஸ் முட்டையிடாமல் இருப்பதற்காக. அப்படித் திறந்த நீர் ஒவ்வொரு சொட்டும் மின்சாரம் ஆகாமல் போன நீர்.

ஏரிக்குள் இன்றும் ஒவ்வொரு நவம்பரிலும் யூட்டா மாநில மீன்வளத் துறையினர் அதே இடங்களில் செவுள்வலை விரித்து, விழுந்த மீன்களை எண்ணி, அளந்து, எடை போடுகிறார்கள். ஸ்ட்ரைப்பரின் நீளத்தையும் எடையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் அந்த ஆண்டு ஷாட் எவ்வளவு இருந்தது என்று தெரிந்துவிடும்.